வாடகை ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கேட்டு வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னை போன்ற ஊர்களில் 11 மாத அக்ரிமென்ட் போட்டு, அடுக்குமாடிக் குடியிருப்பில் மாத வாடகைக்கு இருப்பவர்களுக்கானது இந்த வழிகாட்டி. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருக்கும் ஒத்தி, போக்கியம் (சென்னைப் பக்கம் ‘லீஸ்’ என்பார்களே, அது) வேறு கணக்கு. அதற்கு இது பொருந்தாது.

எங்கள் குடியிருப்புச் சங்க வேலைகளைக் கவனிப்பதால் இந்த மாதிரிக் கடிதங்கள் என் கண்ணில் அடிக்கடி படும். சிலர் எழுதித் தரச் சொல்லி வருவார்கள். சில உரிமையாளர்கள், வந்த கடிதத்தை எனக்கு அனுப்பி, “இவர் என்ன கேட்கிறார், கொஞ்சம் விசாரியுங்கள்” என்பார்கள். இப்படி விசாரிக்க வைக்கும் கடிதங்களில் மரியாதைக்குக் குறைவே இருக்காது. எதுவரை நீட்டிக்க வேண்டும், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் என்ன ஆகும் என்ற மூன்றும்தான் இருக்காது. படித்தவர் ‘சரி’ என்று ஒரே சொல்லில் பதில் போடும்படி கடிதம் இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

1. அக்ரிமென்ட்டை எடுத்து வைத்துப் படியுங்கள்

நினைவிலிருந்து எழுத வேண்டாம். அசல் பத்திரம் உரிமையாளரிடம் இருந்தால் உங்களிடம் ஜெராக்ஸாவது இருக்கும். அதுவும் இல்லையென்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது முடிவுத் தேதி. ஒரே பத்திரத்தில் மூன்று தேதிகள் இருக்கும்: முத்திரைத்தாள் வாங்கிய நாள், கையெழுத்துப் போட்ட நாள், வாடகை தொடங்கிய நாள். காலம் எண்ண வேண்டியது மூன்றாவதிலிருந்து. 1.7.2025இல் தொடங்கிய 11 மாத ஒப்பந்தம் 31.5.2026 அன்று முடிகிறது. ‘ஜூலையில் வந்தோம், ஜூனில் முடியும்’ என்று ஒரு மாதம் தள்ளி எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் கடிதம் கொடுக்கும்போது ஒப்பந்தம் ஏற்கெனவே முடிந்திருக்கும்.

அடுத்து, புதுப்பிப்பது பற்றிய பிரிவு. “இருதரப்பும் சம்மதித்தால் மேலும் 11 மாதங்களுக்கு, 5 சதவீத வாடகை உயர்வுடன் நீட்டிக்கலாம்” என்பதுபோல ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதன் பிரிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் முன்பு கேட்க வேண்டும் என்று போட்டிருந்தால் அதுதான் உங்கள் கெடு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டமும் இதையே சொல்கிறது. ஒப்பந்தத்தில் குறித்த காலத்துக்குள் வாடகைதாரர் நீட்டிப்புக் கேட்கலாம். உரிமையாளர் சம்மதித்தால் புதிய ஒப்பந்தம் போடலாம். கேட்பது உங்கள் உரிமை, கொடுப்பது அவர் விருப்பம். கடிதத்தின் தொனி இதிலிருந்தே வர வேண்டும்.

மூன்றாவதாக அட்வான்ஸ் தொகை, காலி செய்வதற்கான முன்னறிவிப்புக் காலம், பெயின்டிங்குக்காக அட்வான்ஸில் பிடித்தம் உண்டா என்பது. இந்த மூன்றும் பின்னால் வேலைக்கு வரும்.

2. உங்களுக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இதில் இரண்டு வகை உண்டு. சொந்த வீடு கட்டி முடிகிறது, இரண்டு மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் போதும் என்றால் அது குறுகிய நீட்டிப்பு. தொடர்ந்து இருக்க வேண்டும் என்றால் அது புதுப்பித்தல், அதாவது இன்னொரு 11 மாதம். இரண்டையும் ஒரே கடிதத்தில் குழப்பி, “இன்னும் கொஞ்ச நாள் இருக்க அனுமதிக்க வேண்டும்” என்று எழுதினால் உரிமையாளருக்குப் பதில் சொல்லத் தெரியாது. கொஞ்ச நாள் என்பது அவருக்கு ஒரு மாதம், உங்களுக்கு ஆறு மாதம்.

தேதியைப் போடுங்கள். “31.8.2026 அன்று காலி செய்துவிடுவோம்” என்றால் அவர் அடுத்த ஆளைப் பார்க்கத் திட்டமிடலாம். குறுகிய நீட்டிப்பைத் தர உரிமையாளர்கள் தயங்குவதற்குப் பெரிய காரணம், அது முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போகுமோ என்ற பயம்தான்.

ஏன் எல்லோரும் 11 மாதம் என்கிறார்கள்? ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகைக் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். சார்பதிவாளர் அலுவலகச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க வந்த வழக்கம் இது. நீங்கள் இரண்டு வருடம் கேட்டால் அந்தச் செலவையும் சேர்த்துக் கேட்கிறீர்கள் என்று உரிமையாளர் எடுத்துக்கொள்வார். தேவை இருந்தால் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் செலவு யாருடையது என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வேலை மாற்றல் வரலாம் என்ற நிலையில் இருப்பவர்கள், இடையில் காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். புதிய ஒப்பந்தத்தில் உரிமையாளர் ‘லாக்-இன்’ காலம் (இடையில் காலி செய்யக் கூடாத காலம்) சேர்க்கச் சொன்னால் அப்போது யோசிக்க நேரம் இருக்காது.

3. பாக்கி எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள்

நீட்டிப்புக் கேட்டதும் உரிமையாளர் செய்யும் முதல் வேலை, வங்கிக் கணக்கைத் திறந்து வாடகை ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்ப்பது. நீங்கள் அதை முந்திக்கொள்ளுங்கள்.

மாதவாரியாக எந்தத் தேதியில் எவ்வளவு அனுப்பினீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ரொக்கமாகக் கொடுத்த மாதங்கள் இருந்தால் ரசீது உண்டா என்று தேடுங்கள். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், கடைசியாக வந்த பில் கட்டியாகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். மெயின்டனன்ஸ் பாக்கி இருந்தால் கடிதம் எழுதும் முன் கட்டிவிடுங்கள். பாக்கிப் பட்டியல் வாடகைதாரர் பெயரில் போகாது, பிளாட் எண்ணில்தான் போகும். சங்கத்திலிருந்து நினைவூட்டல் உரிமையாளருக்குப் போய், அதே வாரத்தில் உங்கள் கடிதமும் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏதாவது ஒரு மாதம் வாடகை தாமதமாகியிருந்தால் கடிதத்தில் அதற்கு விளக்கம் எழுத வேண்டாம். கேட்டால் போனில் சொல்லிக்கொள்ளலாம்.

4. வாடகை: தொகையை நீங்களே சொல்லுங்கள்

பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான். “வாடகை உயர்வு குறித்துத் தாங்களே சொல்லுங்கள்” என்று எழுதுவது பணிவாகத் தெரியலாம். ஆனால் உரிமையாளர் உடனே அக்கம்பக்கத்தில் காலியாக இருக்கும் வீட்டுக்கு என்ன வாடகை என்று புரோக்கரிடம் விசாரிப்பார். புரோக்கர் சொல்லும் தொகை எப்போதும் மேல்பக்கம்தான் இருக்கும். அப்புறம் பேச்சு அந்தத் தொகையிலிருந்து தொடங்கும்.

ஒப்பந்தத்தில் சதவீதம் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய வாடகை 18,000 ரூபாய், உயர்வு 5 சதவீதம் என்றால் 900 சேர்த்து 18,900. ‘5 சதவீதம் உயர்த்தித் தருகிறேன்’ என்று மட்டும் எழுதாமல் இந்தத் தொகையை அப்படியே எழுதுங்கள். சதவீதத்தை ஆளாளுக்கு ஒரு மாதிரி கணக்குப் போடுவார்கள்.

எதன்மேல் சதவீதம் என்பதையும் பாருங்கள். வாடகை 18,000, மெயின்டனன்ஸ் 2,500, இரண்டையும் சேர்த்து மாதம் 20,500 அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். உரிமையாளர் மொத்தத்துக்கும் 5 சதவீதம் போட்டால் 21,525 ஆகும். வாடகைக்கு மட்டும் போட்டால் 21,400. மாதம் 125, 11 மாதத்தில் 1,375 ரூபாய் வித்தியாசம். சங்கம் மெயின்டனன்ஸைக் கூட்டினால் அதைக் கட்டத்தான் போகிறீர்கள், அதற்கு மேல் தனி உயர்வு எதற்கு? இரண்டையும் தனித்தனி வரியில் எழுதினால் இந்தப் பிரச்சினையே வராது.

ஒப்பந்தத்தில் சதவீதம் இல்லையென்றால், உங்கள் குடியிருப்பிலேயே அதே அளவு வீட்டுக்குச் சமீபத்தில் குடிவந்தவர் என்ன தருகிறார் என்று விசாரியுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் விளம்பரத் தொகையை நம்ப வேண்டாம், அது கேட்கும் விலை. வாட்ச்மேனிடம் கேட்டால் உண்மையான தொகை தெரியும்.

உரிமையாளர் 10 சதவீதம் கேட்பார் என்று எதிர்பார்த்தால் அவர் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 5 சதவீதத்துக்கும் 10 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 900, 11 மாதத்தில் 9,900. நீங்கள் காலி செய்து வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் அவருக்கு நஷ்டம் 18,000. பெயின்டிங், புரோக்கர் கமிஷன் தனி. இது உங்கள் தைரியத்துக்கு மட்டும். கடிதத்தில் எழுதினால் மிரட்டல் மாதிரி இருக்கும்.

5. எப்போது அனுப்புவது

ஒப்பந்தத்தில் கெடு இல்லையென்றால் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு. அதற்கும் முன்னால் கேட்டால் “அப்போ பார்த்துக்கலாம் தம்பி” என்று தள்ளிப்போடுவார்கள். ஒரு மாதத்துக்குள் கேட்டால், மறுத்துவிட்டால் வேறு வீடு தேட உங்களுக்கு நேரம் இருக்காது. அது உரிமையாளருக்கும் தெரியும்.

காலத்தையும் பாருங்கள். மே, ஜூனில் முடியும் ஒப்பந்தம் என்றால் பள்ளி திறக்கும் நேரம். வீடு தேடி வருவோர் அதிகம், எனவே இரண்டு வாரம் முன்கூட்டியே அனுப்புங்கள். ஆடியிலோ மார்கழியிலோ முடிந்தால் நிலைமை உங்கள் பக்கம். அந்த மாதங்களில் பால் காய்ச்சப் புதிதாக யாரும் வர மாட்டார்கள் என்று உரிமையாளருக்கே தெரியும்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் மூன்று மாதம் வையுங்கள். பத்திரம் கூரியரில் போய்க் கையெழுத்தாகி வர வேண்டும், அல்லது இங்கே ஒருவருக்குப் பவர் எழுதித் தர வேண்டும்.

6. யார் பெயருக்கு எழுதுவது

பழைய ஒப்பந்தத்தில் உரிமையாளராகக் கையெழுத்திட்டவர் பெயருக்கு. இருவர் கையெழுத்திட்டிருந்தால் இருவர் பெயரையும் போடுங்கள்.

வாடகை வாங்கிக்கொள்வது மகன், வீடு அம்மா பெயரில் என்ற நிலை நம் ஊரில் சாதாரணம். பேச்சுவார்த்தையை மகனோடு வைத்துக்கொள்ளுங்கள், கடிதம் அம்மா பெயருக்குப் போகட்டும். மகன் வாய்வார்த்தையாகச் சொன்ன சம்மதம், நாளைக்கு அண்ணன் தம்பிக்குள் பிரச்சினை வந்தால் நிற்காது.

உரிமையாளர் இடையில் காலமாகியிருந்தால் வாரிசுகள் யார் என்று கேட்டு அவர்கள் எல்லோர் பெயருக்கும் எழுதுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும்தான். ஆனால் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட உரிமை உள்ளவர் யார் என்பதும், உங்கள் அட்வான்ஸைத் திருப்பித் தரும் பொறுப்பு யாருடையது என்பதும் இதில்தான் தெளிவாகும். பவர் வாங்கியவர் கையெழுத்திடுவதாக இருந்தால் பவர் பத்திரத்தின் நகல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

7. முதலில் போன், பிறகு கடிதம்

பேச்சு மூச்சு இல்லாமல் திடீரென்று கடிதம் போனால், “இவர் ஏன் இப்போது எழுத்தில் எல்லாம் கேட்கிறார், வக்கீலைப் பார்த்துவிட்டாரோ” என்று பெரியவர்கள் பயந்துவிடுவார்கள். கடிதத்துக்கு ஒரு நாள் முன்பு போன் போடுங்கள். “சார், மே மாதத்தோடு அக்ரிமென்ட் முடிகிறது. நாங்கள் தொடர்ந்து இருக்கலாம் என்று நினைக்கிறோம். விவரமெல்லாம் எழுதி அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.” இவ்வளவு போதும்.

போனிலேயே வாடகை பேரம் தொடங்கினால் பிடிகொடுக்காதீர்கள். “எழுதி அனுப்புகிறேன் சார், பார்த்துவிட்டுப் பேசலாம்” என்று முடித்துக்கொள்ளுங்கள். தொகை முதலில் எழுத்தில் வருவதுதான் உங்களுக்கு நல்லது.

8. கடிதத்தின் வரிசை

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பத்திகள் இந்த வரிசையில் வரட்டும்.

முதல் பத்தி: எந்த வீடு, எந்த ஒப்பந்தம், எப்போது முடிகிறது. உரிமையாளருக்கு நாலு வீடு இருக்கலாம். உங்கள் தேதி அவர் நினைவில் இருக்காது.

இரண்டாவது: என்ன வேண்டும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, ஒரே ஒரு காரணம். காரணம் உண்மையாகவும் சிறியதாகவும் இருக்கட்டும். பிள்ளையின் பொதுத்தேர்வு, அலுவலகம் அருகில், வயதான பெற்றோர் என்பவை எல்லோருக்கும் புரியும். குடும்பக் கஷ்டங்களை வரிசையாக எழுதினால் ‘இவரால் வாடகை கொடுக்க முடியுமா’ என்ற சந்தேகம் வரும்.

மூன்றாவது: பணம். வாடகை, மெயின்டனன்ஸ், அட்வான்ஸ், மூன்றும் தனித்தனியாக.

நான்காவது: பாக்கி இல்லை என்ற ஒரு வரி.

ஐந்தாவது: எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், பதில் வந்தபின் நீங்கள் என்ன செய்வீர்கள். கெடு இல்லாத கடிதத்தை யாரும் அவசரமாகப் பார்ப்பதில்லை.

மாதிரி இதோ. தேதிகளையும் தொகைகளையும் உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்:
(உங்கள் பெயர்)
(பிளாட் எண், தளம், குடியிருப்பின் பெயர்)
(தெரு, பகுதி, ஊர், பின்கோடு)
(செல்பேசி எண்)

பெறுநர்:
(உரிமையாளர் பெயர், ஒப்பந்தத்தில் உள்ளபடி)
(முகவரி)

நாள்: 18.3.2026

பொருள்: வாடகை ஒப்பந்தத்தை 1.6.2026 முதல் 30.4.2027 வரை நீட்டிக்கக் கேட்டல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்கண்ட முகவரியில் உள்ள தங்கள் வீட்டில் 1.7.2025 முதல் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். 20.6.2025 அன்று நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 31.5.2026 அன்று முடிகிறது.

இதை 1.6.2026 முதல் 30.4.2027 வரை மேலும் 11 மாதங்களுக்கு நீட்டித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். என் மகள் வரும் கல்வியாண்டில் 10ஆம் வகுப்புப் படிக்கப் போகிறாள். பள்ளி அருகில் இருப்பதால், அவள் தேர்வு முடியும்வரை இங்கேயே இருக்க விரும்புகிறோம்.

தற்போதைய மாத வாடகை ரூ.18,000. ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவின்படி 5 சதவீதம் உயர்த்தி, 1.6.2026 முதல் மாதம் ரூ.18,900 தரச் சம்மதிக்கிறேன். மெயின்டனன்ஸ் தொகையை இப்போதுபோலவே சங்கத்துக்கு நேரடியாகச் செலுத்திவிடுகிறேன். தங்களிடம் உள்ள அட்வான்ஸ் ரூ.1,00,000 புதிய ஒப்பந்தத்துக்கும் அப்படியே தொடரக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற நிபந்தனைகளில் மாற்றம் எதுவும் கேட்கவில்லை.

இந்த மார்ச் மாதம் வரையிலான வாடகையும் மெயின்டனன்ஸும், கடைசியாக வந்த பில் வரை மின்கட்டணமும் செலுத்தியாகிவிட்டது. விவரம் இணைத்துள்ளேன்.

தங்கள் முடிவை 10.4.2026க்குள் தெரிவித்தால், புதிய ஒப்பந்தத்தைத் தயார் செய்து மே முதல் வாரத்தில் கையெழுத்துக்குக் கொண்டுவருகிறேன். முத்திரைத்தாள், டைப்பிங் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
(கையெழுத்து, பெயர்)

உரிமையாளர் அம்மாவாக இருந்தால் ‘மதிப்பிற்குரிய அம்மா’. வழக்கமாக ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’ என்று பேசுபவராக இருந்தாலும் கடிதத்தில் அது வேண்டாம். இந்தத் தாள் நாளைக்கு ஒரு சான்றாக நிற்க வேண்டியது. தமிழ் படிக்கத் தெரியாத உரிமையாளர் என்றால் ஆங்கிலத்தில் இதே வரிசையில் எழுதுங்கள்.

குறுகிய நீட்டிப்புக்கு இரண்டாவது பத்தியை மட்டும் மாற்றினால் போதும்: “31.8.2026 வரை மூன்று மாதங்களுக்கு நீட்டித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று மாலைக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிடுவேன். ஆகஸ்ட் மாதத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருபவர்களுக்கு வீட்டைக் காட்டவும் ஒத்துழைக்கிறேன்.” கடைசி வரி சின்னதுதான். ஆனால் பல உரிமையாளர்கள் சம்மதித்தது அந்த வரியைப் பார்த்துத்தான்.

9. ரிப்பேர் புகாரை இதில் கலக்காதீர்கள்

பாத்ரூம் சுவரில் ஓதம், சமையலறைக் குழாயில் ஒழுக்கு, ஒரு ஜன்னல் சாத்தவில்லை. பதினொரு மாதமாக மனதில் கிடந்ததெல்லாம் பேனாவை எடுத்ததும் வெளியே வரும். வரவிடாதீர்கள். நீட்டிப்புக் கேட்கும் கடிதத்தில் குறைப்பட்டியல் வந்தால், ‘இவ்வளவு குறை இருக்கும் வீட்டில் ஏன் இருக்க வேண்டும்?’ என்று உரிமையாளர் நினைப்பார். கடிதத்தின் கேள்வி ஒன்றிலிருந்து ஐந்தாகிவிடும். பதில் தள்ளிப்போகும்.

உண்மையிலேயே செய்தாக வேண்டிய வேலை இருந்தால், சம்மதம் வந்தபிறகு, கையெழுத்துக்கு முன்னால் தனியாகப் பேசுங்கள். அப்போது எது யார் வேலை என்று தெரிந்திருப்பது நல்லது. மேலே சொன்ன சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் அது இருக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல் பெயின்ட், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளருடையது. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், வாஷ்பேசின், கீசர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவருடையது. வாஷர் மாற்றச் சொல்லி உரிமையாளருக்குப் போன் போடுபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

10. எப்படி அனுப்புவது

உரிமையாளர் உள்ளூரில் இருந்தால் நேரில் கொடுப்பதுதான் சிறந்தது. இரண்டு பிரதி எடுத்துச் சென்று, உங்கள் பிரதியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், கொடுத்துவிட்டு வந்ததும் கையெழுத்திட்ட கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சார், இன்று நேரில் கொடுத்த கடிதத்தின் நகல்” என்று போடுங்கள். வேலை முடிந்தது.

வெளியூரில் இருந்தால் மின்னஞ்சலில் பிடிஎஃப், கூடவே வாட்ஸ்அப். கடிதத்தின் வாசகத்தை வாட்ஸ்அப்பில் நீளமாக டைப் செய்து அனுப்ப வேண்டாம். குட்மார்னிங் படங்களுக்கு நடுவே அது மேலே போய்விடும். கோப்பாக அனுப்பினால் தேடி எடுக்கலாம்.

உறவு கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் தபால். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்டரில் கேட்கும்போது, பெற்றுக்கொண்டதற்கான சான்றும் சேர்த்து வேண்டும் என்று சொல்லுங்கள்.

11. பதில் வந்தால், வராவிட்டால்

“சரி பா, இருங்க” என்று போனில் சொன்னால் மகிழ்ச்சி. ஆனால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். அன்றே ஒரு செய்தி: “வணக்கம் சார். இன்று பேசியபடி 1.6.2026 முதல் 30.4.2027 வரை, மாத வாடகை ரூ.18,900, அட்வான்ஸ் பழையபடி ரூ.1,00,000. பத்திரம் தயார் செய்கிறேன். நன்றி.” அவர் ஒரு கட்டைவிரல் படம் போட்டாலும் போதும், பேசியது எழுத்தில் வந்துவிட்டது.

அதிக வாடகை கேட்டு பதில் வந்தால் உடனே மறுக்கவோ ஒத்துக்கொள்ளவோ வேண்டாம். இரண்டு நாள் கழித்து, உங்களால் முடிந்த தொகையை ஒரே முறை சொல்லுங்கள். அட்வான்ஸைக் கூட்டச் சொன்னால், வேறு விதமாக இருவரும் ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்வதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பத்து மாதம் வரை வாங்கிய பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ‘வேறு விதமாக ஒப்புக்கொண்டது’ உங்கள் கையெழுத்தாக இருக்க வேண்டாம்.

பதிலே இல்லையென்றால், நீங்கள் குறித்த கெடு முடிந்த மறுநாள் ஒரு போன். அதற்கும் பிடிகொடுக்கவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து இரண்டு வரிக் கடிதம், முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு. அதோடு வேறு வீடும் பார்க்கத் தொடங்குங்கள். ஒப்பந்தம் முடிந்தபின் புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், பழைய நிபந்தனைகளிலேயே மாதத்துக்கு மாதம் என்று அதிகபட்சம் ஆறு மாதம் வரை தொடர்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இதை நம்பி அசட்டையாக இருந்துவிடக் கூடாது. அது கிடைத்த அவகாசம், நீட்டிப்பு கிடையாது.

மறுத்துவிட்டால் காரணம் கேட்டு வாதாடுவதில் பயனில்லை. மகனுக்குக் கல்யாணம், வீட்டை விற்கிறோம் என்றால் அது அவர் வீடு. அந்த நேரத்தில் கேட்க வேண்டியவை இரண்டுதான்: காலி செய்ய ஒரு தேதி, அட்வான்ஸ் எந்தத் தேதியில் எப்படித் திரும்ப வரும். இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

12. சம்மதம் கிடைத்தபின் விட்டுவிடக் கூடாதவை

பழைய பத்திரத்தின் பின்பக்கம் “மேலும் 11 மாதம் நீட்டிக்கப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. வேண்டாம். வாடகைத் தொகை மாறுகிறது, காலம் மாறுகிறது. புதிய முத்திரைத்தாளில் புதிய ஒப்பந்தம் போடுங்கள். எழுத்து வடிவ ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதற்கெனத் தமிழக அரசின் டெனன்சி இணையதளம் உள்ளது. இது சார்பதிவாளர் அலுவலகப் பதிவிலிருந்து வேறுபட்டது. 11 மாத ஒப்பந்தம் என்பதால் இதற்கு விலக்கு என்று நினைப்பவர்கள் உண்டு, அப்படி இல்லை.

புதிய பத்திரத்தில் அட்வான்ஸ் பற்றிய வரியை விரல் வைத்துப் படியுங்கள். டைப் செய்பவர் பழைய கோப்பிலிருந்து எடுத்து, “இன்று ரொக்கமாகப் பெற்றுக்கொண்ட” என்று போட்டுவிடுவார், அல்லது அந்த வரியே விடுபட்டுப்போகும். “20.6.2025 தேதியிட்ட முந்தைய ஒப்பந்தத்தின்படி உரிமையாளர் ஏற்கெனவே பெற்றுள்ள ரூ.1,00,000, இந்த ஒப்பந்தத்தின் முன்பணமாகத் தொடர்கிறது” என்று இருக்க வேண்டும். காலி செய்யும் நாளில் வரும் சண்டைகளில் பாதி இந்த ஒரு வரி இல்லாததால் வருபவை.

பெயின்டிங் பிடித்தம் இருந்தால், முதல் ஒப்பந்தத்துக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று என்று இரண்டு முறை வராமல், காலி செய்யும்போது ஒரே முறை என்று எழுதச் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக்குக் கணக்குக் காட்டுபவர்கள் புதிய ஒப்பந்தத்தின் நகலைக் கொடுத்துவிடுங்கள். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண் கேட்பார்கள். கையெழுத்துக்கு உட்காரும்போதே அதையும் வாங்கிக்கொண்டால், ஜனவரியில் அதற்காகத் தனியாகப் போன் போட வேண்டியிருக்காது.